விழப்போகும் பல்தானே என்று விட்டுவிட வேண்டாம்

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்



கடைவாயை இறுகக் கடிக்கும்போது மேல்வரிசைப் பற்கள் கீழ்வரிசையைச் சற்றே வெளிப்புறமாகச் சூழ்ந்து, பெட்டிக்கு மூடி பொருந்துவதுபோல் அமர வேண்டும். மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னால் நிற்கும். கீழ்ப்பல்லின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மறைக்கும். கடைவாயில் ஒரு பல்லின் மேடு எதிர்ப்பல்லின் பள்ளத்தில் இறங்கும். ஒவ்வொரு பல்லும் எதிர்வரிசையில் இரண்டு பற்களோடு சேரும். கீழ்வரிசையின் நடு முன்பற்களும் மேல்வரிசையின் கடைசிப் பற்களும் மட்டுமே இதற்கு விலக்கு. இந்தப் பொருத்தம் எங்கேனும் பிசகியிருந்தால் அதுவே கடிப்பொருத்தக் கோளாறு.

இக்கோளாற்றின் காரணங்களில் சில பிறப்போடு வருகின்றன. அவற்றை யாரும் தடுக்க முடியாது. மற்றவை ஆறு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையில், வீட்டாரும் ஆசிரியரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருவாகின்றன. அவற்றில் பலவற்றைத் தடுக்கலாம், அல்லது சிறு வைத்தியத்திலேயே திருப்பிவிடலாம். இரண்டையும் பிரித்தறிய, கோளாற்றின் வகைகளையும் காரணங்களையும் வரிசையாகத் தெரிந்துகொள்வது உதவும்.

வகைகளை ஒழுங்குபடுத்தியவர் அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள். 1899-ல் அவர் வெளியிட்ட வகைப்பாடே இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. ஆறு வயதில் முளைக்கும் முதல் நிலைக் கடைவாய்ப்பல்லை அவர் அளவுகோலாக எடுத்துக்கொண்டார். மேல் கடைவாய்ப்பல்லின் முன்புற வெளிமேடு, கீழ்க் கடைவாய்ப்பல்லின் வெளிப்பள்ளத்தில் சரியாக இறங்கினால் தாடைகளின் உறவு சரி. அப்போது கோளாறு இருந்தால் அது பற்களின் நெருக்கத்திலோ இடைவெளியிலோ இருக்கும். இது முதல் வகை. கீழ்க் கடைவாய்ப்பல் பின்தங்கியிருந்தால் இரண்டாம் வகை. மேல் முன்பற்கள் துருத்தி நிற்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இதில் அடங்குவர். கீழ்க் கடைவாய்ப்பல் முன்தள்ளியிருந்தால் மூன்றாம் வகை. கீழ்த்தாடை நீண்டு, கீழ் முன்பற்கள் மேல் முன்பற்களுக்கு வெளியே வந்து கடிக்கும்.

இவை முன்பின் திசையில் நேரும் பிசகுகள். மேல்கீழாகவும் பிசகு உண்டு. மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களை முழுதும் மூடி இறங்கினால் ஆழ்கடி. கடைவாய் சேர்ந்த பிறகும் முன்பற்களுக்கு இடையே சந்து திறந்தே இருந்தால் திறந்த கடி. திறந்த கடி உள்ள பிள்ளையால் முன்பல்லால் இடியாப்பத்தைக்கூடக் கடித்துத் துண்டிக்க முடியாது. நாக்கையும் உதட்டையும் கொண்டு இழுத்துத்தான் தின்னும். பக்கவாட்டில், மேல் கடைவாய்ப்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே விழுந்தால் குறுக்குக்கடி. இவற்றோடு, இடம் போதாமல் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் தெற்றுப்பல்லும், இடம் மிஞ்சிப் பல்லுக்குப் பல் சந்து விழுவதும் உண்டு. ஒரே வாயில் இரண்டு மூன்று வகைகள் சேர்ந்திருப்பது சாதாரணம்.

காரணங்களில் முதலில் நிற்பது பரம்பரை. தாடை எலும்பின் நீளம், அகலம், முகவாயின் வடிவம் ஆகியவை பெற்றோரிடமிருந்து வருகின்றன. பல்லின் அளவும் மரபுவழி வருவதே. சிறிய தாடையும் பெரிய பற்களும் ஒரே பிள்ளைக்கு வாய்த்தால் நெருக்கம் தவிர்க்க முடியாதது. மூன்றாம் வகைக் கோளாற்றில் குடும்ப வழி மிகத் தெளிவாகத் தெரியும். இதற்கு வரலாற்றில் பேர்பெற்ற எடுத்துக்காட்டு ஐரோப்பாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம். தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவுக்குள்ளேயே மணம் முடித்த அந்தக் குடும்பத்தில் நீண்ட கீழ்த்தாடை தொடர்ந்து வந்தது. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்லஸ் (1661–1700) உணவை மெல்லவே சிரமப்பட்டார். ஸ்பெயின் ஆய்வாளர்கள் அக்குடும்பத்தினர் 15 பேரின் உருவப்படங்களை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்ட கட்டுரையில், உறவுமண நெருக்கம் கூடக்கூடத் தாடை நீட்சியும் கூடியிருப்பதைக் காட்டினர். தாய்க்கோ தந்தைக்கோ தாத்தாவுக்கோ கீழ்த்தாடை முன்தள்ளியிருந்தால், அந்த வீட்டுப் பிள்ளையின் கடியை மற்றப் பிள்ளைகளைவிட முன்னதாகவே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆனால் பரம்பரை மட்டுமே காரணமென்றால், பல் நெருக்கம் இன்று இவ்வளவு பரவலாக இருப்பதற்கு விளக்கம் கிடைக்காது. வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த பழங்கால மனிதர்களின் மண்டையோடுகளில் அகன்ற தாடையும், நிறைவாக இடம் பிடித்த பற்களும் பெரும்பாலும் காணப்படுகின்றன. சில தலைமுறைகளுக்குள் மரபணு அவ்வளவு மாறிவிடாது, மாறியது உணவு. எலும்பு, தன்மேல் விழும் வேலைக்கு ஏற்ப வளர்வது. கடினமான உணவை மெல்லும் பிள்ளையின் தாடைக்குத் தசையின் இழுவிசை கூடுதலாகக் கிடைக்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் ராபர்ட் கொருசினி 1980-களில் சண்டிகர் வட்டாரத்தில் கிராமத்து இளைஞர்களையும் நகரத்து இளைஞர்களையும் ஒப்பிட்டார். ஒரே மரபைச் சேர்ந்தவர்கள் என்றபோதும், மென்மையான உணவுக்கு மாறிவிட்ட நகரத்தாரிடம் பல்வரிசைப் பிசகு கூடுதலாக இருந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மன் குழுவினர் 2004-ல் ஹைராக்ஸ் எனும் சிறு பாலூட்டிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சமைத்த மென்மையான உணவும் மற்றதற்குப் பச்சையான, உலர்ந்த உணவும் கொடுத்து வளர்த்தனர். மென்மையான உணவு தின்றவற்றின் முகத்தில், மெல்லும் விசை தாங்கும் பகுதிகள் ஏறத்தாழ பத்து விழுக்காடு குறைவாக வளர்ந்திருந்தன. மனிதப் பிள்ளையின் உணவு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. ஆயினும், பல் முளைத்த பிள்ளைக்கு எதையும் குழைத்தே ஊட்டுவதைவிட, வயதுக்கேற்ப மென்று தின்னும் உணவைப் பழக்குவது தாடைக்கு நல்லது என்பதில் ஐயமில்லை.

எலும்பு இடம் கொடுத்த பிறகு, பல் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை நாக்கும் உதடும் கன்னமும். உள்ளிருந்து நாக்கு தள்ளுகிறது. வெளியிலிருந்து உதடும் கன்னமும் தடுக்கின்றன. இரண்டுக்கும் நடுவே எந்த இடத்தில் பல் அமைதியாக நிற்க முடிகிறதோ அதுவே அதன் இடம். இதில் விசையின் வலிமையைவிட அது நீடிக்கும் நேரமே முக்கியம் என்று அமெரிக்கப் பல் சீரமைப்புப் பேராசிரியர் வில்லியம் புரோஃபிட் விளக்கினார். மெல்லும்போது விழும் பெரிய விசை நொடிப்பொழுதில் மறைந்துவிடுவதால் பல்லை நகர்த்துவதில்லை. நாள்தோறும் ஆறு மணி நேரம் அளவுக்கு நீடிக்கும் மெல்லிய அழுத்தமோ பல்லை நகர்த்திவிடும். பின்னர் வரும் பழக்கங்கள் பலவற்றின் விளைவை இந்த ஒரு விதியே விளக்கிவிடுகிறது.

அடுத்து, பல் மாறும் காலம். பிள்ளைக்குப் பால்பற்கள் இருபது. ஆறாம் மாதம் தொடங்கி மூன்று வயதுக்குள் முளைத்து முடிகின்றன. ஆறு வயதில் இரண்டு நிகழ்வுகள் ஏறத்தாழ ஒருங்கே நடக்கின்றன. கீழ் முன்பற்கள் ஆடி விழுந்து புதுப்பற்கள் வருகின்றன. இதை வீடே கொண்டாடுகிறது. மற்றொன்றை யாரும் கவனிப்பதில்லை: கடைசிப் பால் கடைவாய்ப்பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, நான்கு மூலைகளிலும் புதிதாக ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கிறது. எதுவும் விழவில்லை என்பதால் இதையும் பால்பல் என்றே பலரும் நினைத்துவிடுகிறார்கள். இதுதான் ஆங்கிள் அளவுகோலாகக் கொண்ட பல். ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய பல். முளைத்த புதிதில் இதன் பள்ளங்கள் ஆழமாக இருப்பதால் உணவு தங்கிச் சொத்தையாவதும் எளிது.

ஏழு, எட்டு வயதில் மேல் முன்பற்கள் வரும்போது அவை விசிறிபோல் விரிந்து, நடுவில் சந்து விட்டு நிற்பதுண்டு. இந்தச் சந்தைக் கண்டு பெற்றோர் பதற வேண்டியதில்லை. மேலே எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் கோரைப்பற்கள் பக்கத்துப் பல்லின் வேரை அழுத்துவதால் நேரும் தற்காலிக நிலை அது. பதினொன்று, பன்னிரண்டு வயதில் கோரைப்பற்கள் வெளிவந்ததும் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுக்குள் பால் கடைவாய்ப்பற்கள் விழுந்து அவற்றின் இடத்தில் முன்கடைவாய்ப்பற்கள் வருகின்றன. பன்னிரண்டு வயதையொட்டி இரண்டாம் நிலைக் கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன.

பால் கடைவாய்ப்பற்கள் தமக்குப் பின் வரும் பற்களைவிட அகலமானவை. அவை விழும்போது கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஏறத்தாழ 1.7 மில்லிமீட்டரும், மேல்தாடையில் 0.9 மில்லிமீட்டரும் இடம் மிஞ்சும். அளவு சிறிதுதான், ஆனால் கடைவாய்ப்பற்கள் சரியாகப் பொருந்துவதும், முன்பற்களின் நெருக்கம் தளர்வதும் இந்தச் சேமிப்பை நம்பியே நடக்கின்றன. பால்பல் விழவேண்டிய காலம்வரை, முழு அகலத்தோடு தன் இடத்தில் நின்றால்தான் இந்த இடம் கிடைக்கும்.

இந்த இடத்தில்தான் பெற்றோரின் ஒரு நம்பிக்கை பெரும் விலை கேட்கிறது: 'எப்படியும் விழப்போகும் பல்தானே, சொத்தையானால் என்ன?' ஐந்து வயதில் சொத்தையாகி வலிக்கும் பால் கடைவாய்ப்பல்லுக்கு இன்னும் ஐந்து, ஆறு ஆண்டுகள் பணி இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு அப்படியே விட்டால், ஆறு வயதில் முளைக்கும் பெரிய கடைவாய்ப்பல் காலியிடத்தை நோக்கிச் சாய்ந்து முன்னால் நகரும். முன்னாலிருக்கும் கோரைப்பல் பின்னோக்கி நகரும். எதிர்வரிசைப் பல்லும் தடுப்பாரின்றி நீண்டு இறங்கும். சில மாதங்களிலேயே இடத்தின் ஒரு பகுதி போய்விடும். பத்து, பதினொரு வயதில் உள்ளிருந்து முன்கடைவாய்ப்பல் வரும்போது அதற்கு வாசல் அடைபட்டிருக்கும். ஒன்று அது எலும்புக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், அல்லது நாக்குப் பக்கமோ கன்னப் பக்கமோ வளைந்து முளைக்கும். பிடுங்காவிட்டாலும் இழப்பு நேரும்: இரண்டு பால் கடைவாய்ப்பற்களுக்கு நடுவே விழும் சொத்தை பல்லின் அகலத்தைத் தின்றுவிடுவதால், பக்கத்துப் பல் அந்த அளவுக்கு நகர்ந்துவிடுகிறது. குழந்தைப் பருவத்துச் சொத்தை பதின்வயதில் தெற்றுப்பல்லாகத் தெரியவருவது இவ்வாறுதான். இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு ஆண்டுகள் ஓடிவிடுவதால் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

இதற்கு வைத்தியம் எளிது. சொத்தையைத் தொடக்கத்திலேயே அடைத்துவிட்டால் பல் தன் காலம்வரை நிற்கும். நரம்புவரை போய்விட்டாலும் பால்பல்லுக்கும் வேர்ச் சிகிச்சை உண்டு. மேலே எஃகு உறை போட்டுப் பல்லைக் காப்பாற்றலாம். பிடுங்கித்தான் ஆக வேண்டுமென்றால், பக்கத்துப் பல்லில் ஒரு வளையமும் காலியிடத்தைத் தாண்டி ஒரு கம்பிக் கொக்கியும் கொண்ட இடக்காப்புக் கருவியைப் பொருத்தலாம். புதுப்பல் வரும்வரை அது இடத்தைப் பிடித்துவைக்கும். பால்பல்லைப் பிடுங்கச் சொல்லும் மருத்துவரிடம் 'இடத்தைக் காக்க என்ன செய்வது?' என்று கேட்பது பெற்றோரின் கடமை.

பால்பல் முன்னதாகப் போவது ஒரு சிக்கலென்றால், விழாமலே நிற்பது இன்னொன்று. கீழ் முன்பால்பல் விழுமுன்பே உட்புறத்தில் நிலைப்பல் முளைத்து இரட்டை வரிசை தெரிவது ஆறு, ஏழு வயதில் அடிக்கடி நடக்கும். பால்பல் ஆடத் தொடங்கியிருந்தால் பெரும்பாலும் தானே சரியாகும், ஆடாமல் உறுதியாக நின்றால் எடுத்துவிட வேண்டும். சில பிள்ளைகளுக்கு மேல் முன்பற்களுக்கு நடுவே கூடுதலாக ஒரு கூம்புப்பல் எலும்புக்குள் இருந்து வழியை மறிக்கும். ஒரு பக்கத்து முன்பல் முளைத்து ஆறு மாதத்துக்கு மேலாகியும் மறுபக்கத்துப் பல் வரவில்லையென்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். சிலருக்குச் சில பற்கள் உருவாவதே இல்லை. மேல்வரிசைப் பக்க முன்பல்லும் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லும் இப்படி அதிகம் காணாமல் போகின்றன. அங்கே சந்து விழும்.

கோரைப்பல்லின் கதை தனி. மேல் கோரைப்பல் கண்ணுக்குக் கீழே வெகு உயரத்தில் உருவாகி, மற்ற எந்தப் பல்லையும்விட நீண்ட பாதையில் இறங்கி வருகிறது. வரிசையில் பெரும்பாலும் பிந்தி வருவதால், இடம் பறிபோயிருந்தால் அந்தப் பாதிப்பு இதன்மேல் விழும். இடமில்லாமல் வெளியே தள்ளி முளைப்பதைச் 'சிங்கப்பல்' என்று சிலர் அதிர்ஷ்டமாக எடுத்துக்கொள்கிறார்கள். நூற்றில் ஓரிருவருக்கு அது அண்ணத்துக்குள் திசைமாறிச் சிக்கிக்கொள்கிறது. பத்து வயதில், மேலுதட்டைத் தூக்கி, பால் கோரைப்பல்லுக்கு மேலே ஈறின் வெளிப்புறத்தை விரலால் தடவினால் வரப்போகும் பல்லின் மேடு தட்டுப்பட வேண்டும். இரு பக்கமும் தட்டுப்படவில்லை, அல்லது ஒரு பக்கம் மட்டும் தட்டுப்படுகிறது என்றால் பரிசோதனை தேவை. ஸ்வீடனைச் சேர்ந்த எரிக்சனும் குரோலும் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் திசைமாறிய 46 கோரைப்பற்களுக்குக் கீழிருந்த பால் கோரைப்பல்லை மட்டும் உரிய வயதில் எடுத்துவிட்டனர்; அவற்றில் 36 பற்கள் தாமே சரியான பாதைக்குத் திரும்பின. தவறவிட்டால் அதே பல்லுக்கு ஈறைக் கீறிக் கம்பி கட்டி இழுக்க வேண்டியிருக்கும். பக்கத்துப் பல்லின் வேரை அது அரித்துவிடும் ஆபத்தும் உண்டு.

இனி பழக்கங்கள். விரல் சூப்புவது கைக்குழந்தைக்கு இயல்பு. மூன்று, நான்கு வயதுக்குள் விட்டுவிட்டால் பெரும்பாலும் தழும்பே தெரியாது. நிலையான முன்பற்கள் முளைத்த பிறகும் தொடர்ந்தால்தான் கேடு. கட்டைவிரல் மேல்பற்களை வெளியே தள்ளுகிறது. கீழ்ப்பற்களை உள்ளே அமுக்குகிறது. நடுவில் விரலளவுக்குத் திறந்த கடியை உண்டாக்குகிறது. உறிஞ்சும்போது கன்னத் தசைகள் இருபுறமும் நெருக்குவதாலும், அண்ணத்தோடு ஒட்டியிருக்க வேண்டிய நாக்கு கீழே இறங்கிவிடுவதாலும் மேல்தாடை குறுகிக் குறுக்குக்கடியும் சேர்ந்துகொள்கிறது. பகலில் எப்போதோ சூப்பும் பிள்ளையைவிட, இரவு முழுவதும் வாயில் விரலோடு தூங்கும் பிள்ளைக்கே பாதிப்பு அதிகம். முன்பு சொன்ன ஆறு மணி நேர விதி இங்கே அப்படியே பொருந்துகிறது. சூப்பான், நெடுநாள் புட்டிப்பால் ஆகியவற்றின் விளைவும் இதையொத்ததே. அடித்தும் வேப்பெண்ணெய் தடவியும் கேலி செய்தும் பழக்கத்தை நிறுத்தப் பார்ப்பதால், ஏக்கத்தில் விரலை நாடும் பிள்ளை இன்னும் இறுகப் பற்றிக்கொள்ளும். விட்ட நாட்களைப் பாராட்டுவது, தூங்கும்போது கையுறை, பிள்ளை ஒப்புக்கொண்டால் பல் மருத்துவர் பொருத்தும் சிறு தடுப்புக் கம்பி ஆகியவையே பயன் தரும்.

வாயால் மூச்சு விடுவதும் முகத்தின் வளர்ச்சியைத் திருப்பிவிடக்கூடியது. மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு திசு வீங்கியோ, ஒவ்வாமையால் மூக்கு அடைத்தோ இருந்தால் பிள்ளை வாயைத் திறந்து, நாக்கைக் கீழே போட்டு, தலையைச் சற்று நிமிர்த்தி மூச்சு விடும். நாக்கின் தாங்கல் இல்லாத மேல்தாடை கன்னத்தின் அழுத்தத்தால் குறுகும், முகம் நீளும், முன்பல் துருத்தும். அமெரிக்க ஆய்வாளர் எகில் ஹார்வோல்ட் வளரும் குரங்குகளின் மூக்கை அடைத்துச் செய்த சோதனைகளில், அவை வாயால் மூச்சு விடப் பழகியதும் பல்வரிசையும் தாடையும் மாறியதைக் காட்டினார். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில் இப்படி நேர்வதில்லை. ஆனால் திறந்த வாயோடு தூங்கி, குறட்டை விட்டு, காலையில் உலர்ந்த உதட்டோடு எழுந்து, வகுப்பில் சோர்ந்து உட்காரும் பிள்ளையை முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சுவழி சீராகாமல் பல்லை மட்டும் சீராக்கினால் அது நிலைக்காது.

பிறவிக் குறையில் முதன்மையானது உதட்டுப்பிளவும் அண்ணப்பிளவும். உலக அளவில் ஏறத்தாழ 700 பிறப்புக்கு ஒன்றில் காணப்படும் இக்குறையில், பிளவுள்ள இடத்தில் பல் இல்லாமலோ திரும்பியோ இருக்கும். அறுவைத் தழும்பு இறுகுவதால் மேல்தாடையின் வளர்ச்சியும் தடைபடும். அறுவையோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பல் சீரமைப்பும் அந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி. பிறந்த பின் நேர்வனவற்றில், முகவாய் தரையில் மோத விழும் விபத்து பெரிதும் கவனிக்கப்படாதது. முகவாயில் தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். அடி காதின் முன்னுள்ள தாடைமூட்டில் இறங்கியிருக்கும். அந்த மூட்டின் முனையில் கீழ்த்தாடை வளர்வதால், அங்கே முறிவு ஏற்பட்டுக் கவனிக்காமல் விட்டால் தாடை ஒரு பக்கமாகக் கோணி வளரலாம், அல்லது மூட்டு இறுகி வாயே திறக்காமல் போகலாம். பள்ளியில் முகவாயில் அடிபட்ட பிள்ளை வாயைத் திறக்கும்போது தாடை ஒரு பக்கம் இழுக்கிறதா, பழையபடி கடிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதமும் இதே மூட்டைத் தாக்கக்கூடும்.

வளர்ந்தவர்களுக்குக் கடி மாறுவதற்குக் காரணங்கள் வேறு. பிடுங்கிய கடைவாய்ப்பல்லின் இடத்தில் பல் கட்டாமல் விட்டால், பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் நீளும். ஈறு நோயால் எலும்பு கரைந்த முன்பற்கள் நாற்பது வயதுக்கு மேல் விசிறியாய் விரிவதுண்டு. 'பல்லுக்கு நடுவே புதிதாகச் சந்து விழுகிறது' என்பது ஈறு நோயின் அறிகுறி. புதிதாக அடைத்த பல் சற்று உயரமாக இருந்தாலும் கடி சேராது. பற்களுக்கு நடுவே முடியிழையைவிட மெல்லிய பொருளையும் வாய் உணர்ந்துவிடும் என்பதால், மருத்துவர் நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, கறை பதிந்த இடத்தைத் தொட்டுத் தொட்டு இழைக்கிறார். மரத்துப்போகும் ஊசியின் வேகத்தில் அப்போது தெரியாமல் போய், மறுநாள் அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் திரும்பப் போய்ச் சரிசெய்துகொள்ள வேண்டும். பைக் விபத்துக்குப் பின் பற்கள் பழையபடி சேரவில்லையென்றால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் தாடை முறிந்திருக்கலாம். அதை அவசரமாகக் கருத வேண்டும். பதினேழு வயதுக்கு மேல் வரும் ஞானப்பல்லே முன்பற்களை நெருக்குகிறது என்ற பேச்சு பரவலாக உண்டு. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. ஞானப்பல் இல்லாதவர்களுக்கும் கீழ் முன்பற்கள் வயதோடு நெருங்கவே செய்கின்றன.

கடி சரியில்லாவிட்டால் கெடுவது தோற்றம் மட்டுமல்ல. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் துருத்திய முன்பல் விளையாட்டில் உடையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. ஆழ்கடியில் கீழ்ப்பல் அண்ணத்தின் ஈறைக் குத்திப் புண்ணாக்கும். நெருங்கிய பற்களின் இடுக்கில் பிரஷ் போகாததால் சொத்தையும் ஈறு வீக்கமும் வரும். ஒரு பல் மட்டும் குறுக்காகக் கடித்தால் அது தேய்ந்து, அதன் ஈறு இறங்கும். திறந்த கடியில் 'ச', 'ஸ' ஒலிகள் காற்றோடு கசியும். வகுப்பில் பட்டப்பெயர் வாங்கும் பிள்ளை சிரிப்பதையும் பேசுவதையும் குறைத்துக்கொள்வதும் உண்மையான பாதிப்பே. அதே வேளையில், முற்றிலும் பிசகில்லாத பல்வரிசை உள்ளவர்கள் மிகக் குறைவு. மெல்லவும் துலக்கவும் பேசவும் இடைஞ்சல் இல்லாத சிறு கோணலுக்கு வைத்தியம் கட்டாயமில்லை.

பிசகு உண்டா என்று வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். பிள்ளையை நேராக உட்காரவைத்து, எச்சில் விழுங்கச் சொல்லி, கடைவாயைக் கடிக்கச் சொல்லிக் கன்னத்தை விலக்கிப் பார்த்தால் போதும். மேல்பற்கள் சுற்றிலும் வெளியே இருக்கின்றனவா, முன்னால் சந்து இருக்கிறதா, கீழ் முன்பல் முழுதும் மறைந்துவிட்டதா, நடுக்கோடு ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறதா, வாய் மூடும்போது தாடை பக்கவாட்டில் வழுக்குகிறதா? இவற்றில் எது தெரிந்தாலும், தெரியாவிட்டாலும்கூட, ஏழு வயதில் ஒருமுறை பல் சீரமைப்பு மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கத்தின் பரிந்துரையும் இதுவே. ஏழு வயதில் காட்டுவது உடனே கம்பி கட்டுவதற்காக அன்று. வளரும் எலும்பைத் திருப்ப வேண்டிய பிள்ளை யார், காத்திருக்கலாம் என்று விடக்கூடிய பிள்ளை யார் என்று பிரிப்பதற்காக.

வயது இங்கே பெரிய செல்வம். அண்ணத்தின் நடுக்கோட்டிலுள்ள எலும்பு இணைப்பு பதின்பருவத்தில் இறுகத் தொடங்கும். அதற்கு முன் குறுகிய மேல்தாடையைத் திருகுக் கருவியால் சில வாரங்களில் அகலப்படுத்தலாம். பின்தங்கிய மேல்தாடையை முகக்கவசக் கருவியால் முன்னே இழுப்பது பத்து வயதுக்குள் நன்கு பலிக்கும். பின்தங்கிய கீழ்த்தாடைக்கு உதவும் கழற்றி மாட்டும் கருவிகள், பிள்ளை வேகமாக உயரும் பருவத்தில் சிறப்பாக வேலை செய்யும். வளர்ச்சி நின்றுவிட்டால் இந்த வழிகள் அடைபடும். பெரிய தாடைப் பிசகுக்கு அறுவையே மிஞ்சும். பற்களை மட்டும் நகர்த்துவதற்கு வயது தடையில்லை. பல் வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவுள்ள நார்ப்படலம் இருக்கிறது. கம்பியின் மெல்லிய விசையில் ஒரு பக்கம் எலும்பு கரைந்து மறுபக்கம் புதிதாக வளர்வதால், பல் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆவது அதனால்தான். கம்பியைக் கழற்றியதும் தக்கவைக்கும் கருவியைச் சொன்ன காலம்வரை போடாவிட்டால் பல் பழைய இடத்தை நோக்கித் திரும்பும்.

இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும் என்பதே பல வீடுகளின் கவலை. அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குறைந்த செலவில் சிகிச்சை கிடைக்கும். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தில் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவினர் சொத்தைப் பல்லையும் அண்ணப்பிளவையும் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். குழு வரும் நாளில் வாயால் மூச்சு விடும் பிள்ளை, விரல் சூப்பும் பிள்ளை, முகவாயில் அடிபட்ட பிள்ளை, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளை ஆகியோரை ஆசிரியர்கள் தவறாமல் காட்ட வேண்டும். பெற்றோர் அதைவிட எளிய ஒன்றைச் செய்தால் போதும்: இரவில் படுக்கும் முன் பல் துலக்கவைத்து, சொத்தை தெரிந்த வாரமே அடைத்துவிட வேண்டும். பிள்ளையின் வாயில் இன்று இருக்கும் பால் கடைவாய்ப்பல், நாளை வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. பத்து, பதினொரு வயதுவரை அதை அங்கேயே நிற்க விடுங்கள்.